ஆர்ல் நகரத்தில் அக்காளுக்கு ஒரு நாள் லீவு

பிரான்ஸில் இருக்கிற ஆர்ல் நகரத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ரோமானியர் கட்டிய அரங்கம், ரோன் ஆறு, வெயில் என்றுதான் சொல்கிறார்கள். காற்றைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ரயிலை விட்டு இறங்கிய நிமிஷமே அது என் மகளின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் இருக்கிற குவைத்தில் தூசிக்காற்று அடிக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே போனில் எச்சரிக்கை வந்துவிடும். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் சொருகிவிட்டு உள்ளே இருந்துகொள்ளலாம். இங்கே மேலே பளிச்சென்று நீல வானம், நல்ல வெயில், அதற்குள்ளே இப்படி ஒரு காற்று. சுத்த ஏமாற்று வேலை.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் அக்கா ஜெசிந்தா இந்த ஊரில் கன்னியாஸ்திரியாக இருக்கிறாள். அவளுடைய சபை இங்கே ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறது. பிரான்ஸில் இப்போது கன்னியாஸ்திரியாகப் போக ஆள் இல்லையாம். அதனால் தூத்துக்குடிக்குத் தெற்கே எங்களுடையதைப் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பிவைக்கிறார்கள். அக்காளை நேரில் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. என் கல்யாணத்துக்கு விசாவில் ஏதோ சிக்கல் என்று அவள் வரவில்லை. என் மகள் ரியாவுக்கு இரண்டரை வயது. அவளை அக்கா போனில் பார்த்ததோடு சரி.

கிளம்புவதற்கு முன்னால் அம்மா என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "வீடியோவுல எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாவ. நீ நேருல பாத்து, அவ சந்தோஷமா இருக்காளா இல்லையான்னு எனக்கு உள்ளதச் சொல்லு. மழுப்பக் கூடாது." அம்மா சொல்லி நான் செய்யாத வேலை கிடையாது. என் வீட்டுக்காரர் அந்தோணி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் டெக்னீஷியன். அவருக்குக் கிடைத்த லீவில் ஒரு பகுதியை ஊருக்குப் போகாமல் இதற்காகச் செலவழித்தோம். அதைச் செய்திருக்கலாமா, கூடாதா என்று விமானத்தில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். குழந்தைக்குப் பசி. பக்கத்தில் ஓர் உணவுக்கடை, வாசலில் மேசைகள், உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "அடுப்படி மூடியாச்சு மேடம். இனி ராத்திரி ஏழு மணிக்குத்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தையைக் காட்டினேன். "கொஞ்சம் சோறு போதும்" என்றேன். கடைக்காரர் ரியாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார், அவள் கன்னத்தைத் தட்டினார், "ஏழு மணிக்கு" என்று மறுபடியும் சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குவைத்தில் நாங்கள் குடியிருக்கிற மங்காஃபில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு பகாலா இருக்கிறது. பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரிய மளிகைக்கடை. போன் செய்தால் ஒரே ஒரு தயிர் டப்பாவைக்கூட மேலே கொண்டுவந்து தருவார்கள். ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தால் டீ காருக்கே வரும். பாலைவனத்தில் நடக்கிறது, ஆறு ஓடுகிற ஊரில் நடக்காதா?

"நீ என்னத்துக்கு அவன்ட்ட மல்லுக்கு நிக்க? பெட்டியில குக்கர் இருக்குல்லா" என்றார் அந்தோணி. இருந்தது. வளைகுடாவிலிருந்து எங்கே போனாலும் சின்ன ரைஸ் குக்கர் இல்லாமல் நாங்கள் போவதில்லை. அறையில் சமைக்கக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் படம் போட்டு ஒட்டியிருந்தது. குளியலறையில் வைத்துச் சமைத்தேன். அதை அறை என்று சொல்ல முடியாது என்பது என் வீட்டுக்காரரின் வாதம். சோறு வேகும்வரை புகைமணி அடித்துவிடுமோ என்று கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் எல்லாத் திட்டமும். ரியாவுக்குப் புது கவுன் போட்டு, நானும் பட்டுச் சேலை கட்டி, அந்தோணி இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினோம். அக்காளைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றி, மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, சாவகாசமாகப் பேசி அம்மாவின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. காலையிலேயே வருகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். "வா வா" என்று பதில் போட்டிருந்தாள்.

இல்லம் ஆற்றுக்கு அந்தக் கரையில். பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. காத்திருந்த கிழவி ஒருத்தி ரியாவின் காலைத் தொட்டுப்பார்த்துவிட்டு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "இந்தக் காற்றில் குழந்தைக்குக் காலுறை போடாமல் கூட்டிவருகிறீர்களே, நீங்கள் தாய்தானா?" என்று வந்தது. காலுறை பையில் இருந்தது. ரியாதான் கழற்றி எறிந்திருந்தாள். அதை எந்தப் போனை வைத்துக் கிழவிக்கு விளக்குவது?

நடந்தே போனோம். ஊருக்குள்ளே தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருக்கிறது. தள்ளுவண்டியின் முன் சக்கரம் கல்லுக்கு நடுவில் சிக்கி நின்றது. எடுத்து விட்டால் அடுத்த கல்லில் நின்றது. கடைசியில் அந்தோணி வண்டியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார், நான் ரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டேன். பாலத்தில் ஏறியதும் காற்று என் சேலையைப் பாய்மரம் மாதிரி தூக்கியது. கீழே ரோன் ஆறு. நான் இதுவரை பார்த்த ஆறுகளிலேயே அகலமானது, பழுப்பும் பச்சையுமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. ரோமானியர் காலத்தில் இங்கே பெரிய துறைமுகம் இருந்ததாம். நின்று பார்க்கத் தோதில்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் முந்தானை.

இல்லத்தின் மணியை அடித்தோம். கதவைத் திறந்தது அக்காளேதான். சாம்பல் நிற உடுப்பு, மேலே பிளாஸ்டிக் ஏப்ரன், கையில் நீல உறை. என்னைப் பார்த்ததும் "ஏட்டி!" என்று கத்திவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டெட்டால் வாசனை அடித்தது. உறையைக் கழற்றிவிட்டு ரியாவைத் தூக்கினாள். அக்குளுக்குள் கையைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புகிற மாதிரி தூக்கினாள். ரியா பயந்து, "நோ ஆன்ட்டி, புட் மீ டவுன்" என்றாள்.

"சரி, கிளம்பு" என்றேன்.

"எங்கட்டி கிளம்ப? மத்தியானத்துக்குள்ள மூணு பேரக் குளிப்பாட்டணும். சாயந்திரம் ஒரு அரைமணி நேரம் கிடைக்கும், அப்ப வா."

"இன்னைக்கு உனக்கு லீவு இல்லையா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு யாரு லீவு தந்தா? ஞாயித்துக்கிழமைதான் பூசைக்கு அப்புறம் ஓஞ்சு இருப்பேன்."

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. குவைத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் வேலை நாள். கோவிலுக்குக்கூட நாங்கள் வெள்ளிக்கிழமைதான் போகிறோம், ஞாயிறு பூசையை அன்றைக்கே வைத்துவிடுகிறார்கள். ரியா பிறந்ததிலிருந்து எனக்கு வெள்ளி என்றால் ஓய்வு, வெள்ளி என்றால் பூசை. திட்டம் போடும்போது ஒரு கணம்கூட மாற்றித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குத் திரும்பிப் போக ரயில்.

"எம்.எஸ்ஸி. கணக்குப் படிச்சவ" என்றார் அந்தோணி, வண்டியைத் தோளிலிருந்து இறக்காமலே.

"நீங்களும்தான பக்கத்துல இருந்தீங்க?"

"நான் டெக்னீஷியன்தானம்மா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஆறு வருஷம் கழித்துக் கூடப்பிறந்தவள் வந்து நிற்கிறாள், ஒரு நாள் விடமாட்டார்களா? எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து இவர்கள் கிழவிகளைக் குளிப்பாட்ட வேண்டும், அவர்களுக்கு ஒரு நாள் கிடையாதா? வளைகுடாவில் வேலை செய்கிறவர்களைப் பற்றி உலகமே பரிதாபப்படுகிறது. இங்கே வந்து யாராவது பார்த்தார்களா?

"உங்க மதர் எங்க? நான் பேசுதேன்" என்றேன்.

"சும்மா கெட."

"நீ கூப்பிடுதியா, நான் உள்ள போகட்டுமா?"

இல்லத்துக்குத் தலைமையான மதர் வந்தார். மிகவும் வயதான பிரெஞ்சு அம்மா, என் தோள் உயரம்கூட இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் வெளிர் நீலக் கண். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆக, அக்காளைப் பற்றிய என் புகாரை அக்காளே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

நான் நன்றாகத்தான் பேசினேன். மனசிலிருந்து பேசினேன். அக்காளை வளர்த்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம், அப்பா இறந்ததற்குக்கூட அவளால் வர முடியவில்லை, தங்கை பிள்ளையை இன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறாள், நாளைக்கு ஒரே ஒரு நாள் அவளை எங்களோடு அனுப்புங்கள், என் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அக்கா அதைப் பிரெஞ்சில் நாலைந்து வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள்.

மதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிறையப் பேசினார். ரியாவைக் காட்டி, வெளியே ஆற்றைக் காட்டி, கையால் வட்டம் போட்டுக் காட்டிப் பேசினார். சிரித்தார்.

"என்ன சொல்லுதாவ?"

"ஆள் பத்தாது, ஆகாதுன்னு சொல்லுதாவ" என்றாள் அக்கா.

இவ்வளவு இனிக்க இனிக்கச் சிரித்துக்கொண்டு ஒருவர் மறுக்க முடியுமா? நேற்று அந்தக் கடைக்காரரும் இப்படித்தான் சிரித்தார். இந்த ஊரே இப்படித்தான் போலிருக்கிறது. என் கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வரும்போது நன்றி சொல்லவில்லை. பாலத்தில் வைத்து, சொல்லியிருக்க வேண்டுமோ, அதனால் அக்காளுக்கு ஏதாவது கெடுதல் வருமோ என்று அந்தோணியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் "கலாஸ், விடு" என்றார். முடிந்தது, விட்டுத்தள்ளு என்பதற்கு அரபியில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.

மத்தியானம் பூசைக்காவது போவோம் என்று சதுக்கத்தில் இருக்கிற பெரிய பழைய கோவிலுக்குப் போனோம். ரியாவுக்கும் வெள்ளிக்கிழமை என்றால் கோவில். சதுக்கத்தின் நடுவில் ரோமானியர் காலத்து ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்கிறது, அடியில் நீரூற்று. கோவில் முகப்பில் கல்லில் செதுக்கிய புனிதர்கள் வரிசை. பரலோகத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், சங்கிலியில் கட்டி நரகத்துக்கு இழுத்துப் போகப்படுகிறவர்கள் ஒரு பக்கம். உள்ளே பூசையில்லை. செருப்புச் சத்தம், கேமரா, குறிப்பேட்டைப் பார்த்து விளக்குகிற ஒருவர். பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தது நான் ஒருத்திதான். ஒரு தம்பதி என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். பட்டுச் சேலை கட்டியிருந்தேனே, அதனால் இருக்கலாம். மங்காஃபிலிருந்து போகிற எங்கள் கோவிலில் வெள்ளிக்கிழமை நிற்க இடம் இருக்காது. ஜெபம் செய்வதை விட்டுவிட்டு இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் அந்த அரைமணி நேரத்துக்காக மறுபடியும் பாலத்தைக் கடந்தோம். இந்தத் தடவை கதவைத் திறந்தது வேறொரு சிஸ்டர், மடகாஸ்கர்காரி, நன்றாக ஆங்கிலம் பேசினாள். அக்கா மாடியில் ஒரு பாட்டிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று உட்காரவைத்தாள். எனக்குக் காப்பியும் ரியாவுக்கு பிஸ்கட்டும் கொடுத்தாள்.

"நாளைக்கு அவளை எங்கே கூட்டிப்போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"நாளைக்கா?"

"மதர் நாள் முழுக்க லீவு கொடுத்தாரே! அவளுடைய வேலையை நானும் இன்னொருத்தியும் பங்குபோட்டுக்கொண்டோம். அரங்கத்தைக் காட்டுங்கள், ஆற்றங்கரையில் நடங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும் என்றாரே. போன வருஷத்திலிருந்தே அவளைக் கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வா என்று மதர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவள்தான் பிறகு, பிறகு என்கிறாள்."

காப்பியைக் கீழே வைத்தேன். அக்கா படி இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மடகாஸ்கர் சிஸ்டரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில வருவேன்" என்றேன். "நீ வாசல்ல நிக்கணும்."

அந்த அரைமணி நேரத்தையும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு ரியாவுக்குச் சோறூட்டிக்கொண்டே அந்தோணியிடம் கொட்டினேன். பொய் சொல்லியிருக்கிறாள். கன்னியாஸ்திரி பொய் சொல்லலாமா? நான் அழாத குறையாகக் கெஞ்சியதை அவள் அந்த அம்மாவிடம் என்னவென்று சொன்னாளோ, யாருக்குத் தெரியும்? ஏதோ கஷ்டத்தை மறைக்கிறாள், ஒரு நாள் முழுக்க இருந்தால் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றேன். அந்தோணி, "நாளைக்கு அவாட்டயே கேளு" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம்.

சனிக்கிழமை அக்கா வாசலில்தான் நின்றாள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. சைக்கிளில் பின்கூடை. "மார்க்கெட்டுக்கு இதத்தான் கொண்டுபோவேன்" என்றாள். ஊரில் அவளைச் சைக்கிள் தொட விட்டதில்லை. எங்களோடு உருட்டிக்கொண்டே நடந்தாள். பாலத்தின் இறக்கத்தில் "பிடிச்சுக்கோ!" என்று ரியாவைக் கூடையில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் "யக்கா! விழுந்துருவா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ரியா நேற்றைய பயத்தையெல்லாம் மறந்து சிரித்தாள். உடுப்பு காற்றில் படபடக்க ஓடுகிற கன்னியாஸ்திரியைப் பார்த்து ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். அக்கா அவருக்குக் கையைக் காட்டிவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன சொன்ன?"

"உனக்கு வேண்டாம்."

சனிக்கிழமைச் சந்தை பெரிய சந்தை. மரவரிசைக்கு அடியில் ஆலிவ், பாலாடைக்கட்டி, பூண்டுச் சரம், உரித்த முயல். அக்காளைத் தெரியாத கடைக்காரர் இல்லை. தக்காளிக்காரியோடு சண்டை போட்டு இரண்டை மாற்றி வாங்கினாள். வீட்டில் வாய் திறக்காதவள் என்று பெயரெடுத்தவள். ஓரிடத்தில் சிவப்பரிசி சாக்குச் சாக்காக இருந்தது. இந்த ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் சேர்கிற சதுப்பில் நெல் விளைகிறதாம். நான் கையில் அள்ளிப் பார்த்தேன். குவைத்தில் எங்களுக்குக் கிடைப்பதை விட நல்ல அரிசி. பிறகு ஏன் முந்தாநாள் ஒரு பிடி சோறு தர ஆளில்லை என்று எரிச்சலாக வந்தது.

அரங்கம் ஊரின் நடுவில், வீடுகளுக்கிடையே திடீரென்று எழுந்து நிற்கிறது. இரண்டு அடுக்கு வளைவுகள், வெள்ளையும் சாம்பலுமாக. ரோமானியர் போனபிறகு ஊர்க்காரர்கள் பாதுகாப்புக்காக இதற்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறார்கள். ஒரு முழு ஊரே உள்ளே இருந்ததாம், கோவிலோடு. பிற்பாடு இடித்துக் காலி செய்திருக்கிறார்கள். இப்போது காளை விளையாட்டு நடக்கிறது, காளையின் கொம்பில் கட்டியதை ஆட்கள் பறிக்க வேண்டும். அந்தோணி, "நம்ம ஜல்லிக்கட்டுல்லா!" என்று குதித்துக்கொண்டு ரியாவைக் கீழே மணலைக் காட்டக் கூட்டிப்போனார். நானும் அக்காளும் மேல்படியில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

"ஏன் பொய் சொன்ன?" என்றேன்.

"நீ அம்மாவோட கேள்வியத் தூக்கிட்டு வந்துருக்க. உன் செய்தியப் பாத்ததுமே தெரியும்."

"வந்தா என்ன? கேட்டா சொல்லு. இங்க உனக்கு என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லட்டி."

"மறைக்காத."

"மறைக்கல. அதான் சொல்லுதேன்லா. கஷ்டமே இல்ல." கீழே மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலையில எந்திரிக்கையில வெளிச்சம் அந்த ஆத்துல விழும். கிழவியளுக்கு நான்னா உசுரு. ஒருத்தி எனக்குச் சீட்டாட்டம் சொல்லித்தாரா, ஏமாத்தவும் சொல்லித்தந்துருக்கா. எங்க போற, எப்ப வருவன்னு கேக்க ஆளு கிடையாது, மதர் ஒருத்தரத் தவிர. எனக்கு ஊரு நெனப்பு வாரதே இல்ல. முதல்ல அழுதேன். அப்புறம் நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னுகூடத் தெரியல. இத நான் அம்மாட்ட எப்பிடிச் சொல்ல? கஷ்டப்படுதேன்னு சொன்னா அவளுக்கு ஆறுதலா இருக்கும். சந்தோஷமா இருக்கேன், உங்க நெனப்பு இல்லன்னு சொன்னா தாங்குவாளா?"

"அதுக்காக என்னைப் பாக்க மாட்டியா?"

"அரைமணி நேரம்னா சமாளிச்சிருப்பேன். நாள் பூரா உன் முன்னால இப்பிடிச் சந்தோஷமா இருக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

வந்த கோபம் மட்டும் அப்படியே இருந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மதர்மேல் காட்ட முடியாது. அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. இவள் நன்றாக இருக்கிறாள் என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நான், ஏதோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நீ எங்க நெனப்பே இல்லாம இருக்க. அங்க அம்மா உன்னைச் சொல்லிச் சொல்லியே சாவுதா. உனக்காக நாங்க லீவப் போட்டு வந்து, இந்தக் காத்துல..."

"உன்ன யாரு வரச் சொன்னா?"

"அம்மா!"

"உனக்கு அப்பிடி யாரையாவது அனுப்புனாளா?" என்றாள் அக்கா. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ மங்காஃபுக்குப் போயி இத்தன வருஷமாச்சு. சந்தோஷமா இருக்கியான்னு நேருல பாத்துட்டு வான்னு எவளயாவது அனுப்பிவச்சாளா?"

"எனக்கென்ன? புருஷன் இருக்காவ, பிள்ளை இருக்கு."

"அதான். உனக்குப் புருஷன் இருக்கான்னு உன்னக் கேக்க மாட்டா. எனக்கு இல்லன்னு என்னக் கேக்கா." என் பக்கம் திரும்பி, "நீ படிச்சது கணக்கு. பள்ளிக்கூடத்துல எவ்வளவு ஆசையா வேல பாத்த. இப்ப என்ன பண்ணுத?" என்றாள்.

குடும்ப விசாவில் வந்தவள் வேலைக்குப் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும். பகலெல்லாம் அந்த ஃப்ளாட்டில் ரியாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவள் தும்மினால் போனில் தேடிப் பார்த்துக்கொண்டு, அந்தோணியின் டூட்டி முடிகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தோணி நல்லவர். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அதனாலேயே இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கீழே ரியா மணலில் ஓட, அவர் காளை மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு துரத்தினார்.

"பிள்ளையை வளக்கேன்" என்றேன்.

அக்கா என் முந்தானையை எடுத்து என் தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டினாள். "காதுல காத்து போச்சுன்னா ராத்திரி வலிக்கும்" என்றாள்.

மத்தியானம் அவள் கூட்டிப்போன கடையில் காளைக்கறிக் குழம்பும் அந்தச் சிவப்பரிசிச் சோறும் சாப்பிட்டோம். அடுப்பு மூடுவதற்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கறியில் காரம் இல்லை, திராட்சை ரசம் ஊற்றி வேகவைத்த புளிப்பு. ஆனால் சோறு பொலபொலவென்று நன்றாக இருந்தது. ரியா அவள் மடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தோணி "சிஸ்டர், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும்போதெல்லாம், "மைனின்னு கூப்பிட்டாத்தான் கறி" என்றாள் அக்கா. மதினியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிறகு ஆற்றங்கரைச் சுவரில் நடந்தோம், பழைய பாலத்தின் கல்சிங்கங்களைப் பார்த்தோம். இருட்டுவதற்கு முன்னால் அவளை இல்லத்து வாசலில் விட்டோம். மதர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை நான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மொழிபெயர்க்க அக்காளைக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அடைத்துக் கிடந்தது. பால் வாங்க ஒரு கடை இல்லை. அந்தோணிக்கு மட்டும் குவைத்திலிருந்து வேலை சம்பந்தமாகப் போன்மேல் போன், அங்கே வாரம் தொடங்கிவிட்டது. ரயில் நிலையத்தில் அவர் ரியாவைக் கூட்டிக்கொண்டு, தொப்பி போன பக்கத்தில் தேடிப் பார்க்கிறேன் என்று போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தின நாளிலிருந்து என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மாற்றி மாற்றி யோசித்து வைத்திருந்தேன்.

"பாத்தியா? எளச்சிட்டாளா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. சதை போட்டுருக்கா."

"உள்ளதச் சொல்லு. சந்தோஷமா இருக்காளா?"

"இருக்கா. ரொம்ப நல்லா இருக்கா."

"நம்மள நெனச்சு அழுதாளா?"

அழுதாள் என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கு அன்றைக்கு நல்ல நாளாகப் போயிருக்கும். இன்றுவரைக்கும் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று யோசிக்கிறேன். "அழலம்மா" என்றேன்.

அம்மாவுக்குப் பின்னால் கோவில் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. அங்கேயும் ஞாயிறு. போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அம்மா, "நீ ஏன் ஒரு மாதிரி பேசுத?" என்றாள். "நீ நல்லா இருக்கியாட்டி?"

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன். ரயில் வருது, வைக்கேன்" என்றேன்.

ரயில் வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.